ஸவுக்கும் ரிக்கும் நடுவே

ஈட்டி கனிஷ்காவின் கையை விட்டுப் பறந்த பிறகுதான், ஸ்டெஃபி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதை வான்மதி பார்த்தாள். பக்கத்து ஆடுகளத்திலிருந்து உருண்டு வந்த பந்தை எடுக்க வந்திருந்தாள் அந்தப் பெண். தலை குனிந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

வான்மதியின் இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் ஓரமாக விருட்டென்று ஏறியது. அதற்கு மேல் போக இடமில்லாத நுனிவரை ஏறியது.

“ஸ்டெஃபி, நில்லு. பின்னாடி போ.”

கழுத்துப் பட்டையிலிருந்து சத்தம் வந்தது. பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அது கத்தல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வந்தாய் என்று விசாரிப்பது போல இருந்தது. ஸ்டெஃபி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். “இதோ எடுத்துட்டேன் மிஸ்” என்று சொல்லிவிட்டு, பந்தை நோக்கி இன்னும் ஓரடி வைத்தாள்.

ஈட்டி அவளுடைய கெண்டைக்காலில் இறங்கியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வான்மதிக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. கனிஷ்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது, தன் துப்பட்டாவால் தான் கட்டுப்போட்டது, ஆட்டோவில் ஸ்டெஃபியின் தலை தன் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டெஃபியின் அப்பா ஓடி வந்தார். வான்மதி என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ற புள்ள கால்ல கம்பி பாஞ்சிருக்குது. நீங்க என்னமோ பஸ் டைம் சொல்றாப்பல சொல்றீங்க” என்றார்.

அவள் கண்ணில் நீர் நின்றது. அவர் கண்ணைப் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார்.

கோவையில் அந்தப் பெண்கள் பள்ளியில் வான்மதி பதினைந்து வருடமாக உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தக் கோடியில் ஓடுகிற பெண் கால் தடுக்கி நிற்பாள். போன வருடம் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய் வருகிறது. வாய்க்குக் காற்று வராததால் விசில்கூட ஊத முடியாது.

குரலுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். நாக்கும் தாடையும் அசைவதைக் கழுத்துப் பட்டை படித்துச் சொற்களாக்கும். பட்டைக்குள் இருக்கும் சின்தசைசர், பழைய பள்ளி விழா ஒளிப்பதிவுகளிலிருந்து எடுத்த அவளுடைய சொந்தக் குரலில் அதைப் பேசும். ஆனால் ஒரு சொல்லைக் கேள்வியாகக் கேட்பதா, கொஞ்சிச் சொல்வதா, அதட்டுவதா என்பது வாயசைவில் தெரியாது. அதற்குத்தான் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய ரிப்பன். கட்டைவிரலை அதில் மேலே நகர்த்தினால் குரல் ஏறும், கீழே நகர்த்தினால் இறங்கும், அழுத்தினால் சத்தம் கூடும்.

பழகியபோது ஆச்சரியமாக இருந்தது. மார்கழிக்குள் அவளால் ‘ஏய்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏழெட்டு விதமாகச் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் எங்கேயோ, எப்படியோ, கை மழுங்கிப் போனது. விரல் சரியாகத்தான் போவதாகத் தோன்றும். குரல் மட்டும் அதோடு வராது. வயதாகிறது, சிகிச்சையில் நரம்பு செத்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டாள். பஸ்ஸில் போகும்போதும் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துப் பயிற்சி செய்வாள். ரிப்பன் பட்ட இடத்தில் தோல் காய்த்துவிட்டது.

வைகாசியில் அவளுடைய அப்பா இறந்தார். உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். “அப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று பட்டை சொன்னது. சொந்தக்காரர்கள் அவள் முதுகைத் தடவி, “வான்மதிக்கு என்ன தைரியம் பாரு, கொஞ்சமும் அலட்டிக்கலயே” என்றார்கள். அன்றைக்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலுக்கு வந்தது எதற்கென்று தெரியாமல் திரும்புவாள்.

இப்போது விபத்து. ஸ்டெஃபியின் அப்பா புகார் கொடுத்தார். குரல் இல்லாத ஒருத்தியை மைதானத்தில் விட்டது யார் என்பதுதான் அவர் கேட்டது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று தலைமையாசிரியை லலிதாம்பிகை சொல்லி அனுப்பினார். வீட்டிலிருந்த முதல் நாளே வான்மதி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து, பொறுக்காமல், கருவியைக் கொடுத்த நிறுவனத்தின் பழுதுநீக்கும் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே மெஹர் என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அதற்கு முன் இசைக்கருவிகள் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவளாம், மேசையில் ஒரு சின்ன கீபோர்டு கிடந்தது.

“எனக்கு விரல் போச்சுங்க” என்றாள் வான்மதி. “மேல ஏத்தறேன், ஏற மாட்டேங்குது. அதனால ஒரு புள்ளைக்கு அடிபட்டுருச்சு. விரலச் சரி பண்ண ஏதாவது பயிற்சி இருந்தாச் சொல்லுங்க.”

மெஹர் பட்டையைக் கழற்றி வாங்கிக் கணினியில் இணைத்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். வான்மதிக்குப் பேச ஒரு மாற்றுப் பட்டையைக் கொடுத்துவிட்டு, “விரல் நல்லா இருக்கு மேடம்” என்றாள்.

“அப்புறம்?”

“கீபோர்டு வாசிக்கறவங்களப் பாத்திருப்பீங்க. இடது கைப் பக்கம் இந்த மாதிரி ஒரு சக்கரம் இருக்கும்.” அவள் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் தள்ளினாள். ஒலி வளைந்து மேலே போனது. விட்டதும் பழைய இடத்துக்கு இறங்கியது. “விட்டா ஸ்பிரிங் இழுத்து நடுவுக்குக் கொண்டு வந்துரும். உங்க ரிப்பன்ல ஸ்பிரிங் கிடையாது. தொட்ட இடந்தான் சுருதி. ஆனா ஒண்ணு மேடம், விரல் எவ்வளவு தூரம் போச்சுன்னு மட்டுந்தான் சின்தசைசருக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்கு எவ்வளவு வளையணும்னு நாம தனியாச் சொல்லி வைக்கணும். பன்னண்டு கட்டைன்னு வெச்சா, ரிப்பனோட கீழ்க் கோடி ஸ, மேல் கோடி மேல் ஸ. நடுவுல இருக்கறது அத்தனையும் உங்களுக்கு. ரெண்டுன்னு வெச்சா, அதே மேல் கோடிக்குப் போனாலும் ரி-ல நின்னுரும். விரல் அது பாட்டுக்குப் போகும். குரல் போகாது.”

“என்னோடது எதுல இருக்குது?”

“ரெண்டு.”

வான்மதி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். “நீங்க குடுக்கறப்ப?”

“பன்னண்டு. பொங்கல் முடிஞ்சு எட்டாகியிருக்கு. அப்புறம் அஞ்சு. சித்திரையில ரெண்டு. ஒரேயடியா மாத்தியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க.” மெஹர் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “வீட்டுல பாத்துக்கறவங்க ஃபோனுக்கு ஒரு அனுமதி குடுக்கறோம் மேடம். நோயாளி ராத்திரியில மூச்சுத் திணறினா, சத்தத்தக் கூட்ட, கொறைக்க. அதுல இதையும் மாத்தலாம். நெறைய வீட்டுல கேக்கறாங்க.”

“எல்லார் வீட்டுலயுமா?”

மெஹர் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. “நான் பாத்தவரைக்கும்… பொம்பளைங்க மிஷின்லதான் மேடம்.”

கருவி, விரல் போன தடத்தையெல்லாம் சேமித்து வைத்திருக்கும் என்று சொன்னாள். விபத்து நடந்த அன்றைய தடத்தை எடுத்தாள். வெளியே வந்த குரலை முதலில் போட்டாள். ஸ்டெஃபி, நில்லு, பின்னாடி போ. சாதாரணமாக, தூக்கக் கலக்கத்தில் சொல்வது போல இருந்தது. “இப்ப அதே விரல். பன்னண்டுல வெச்சுப் போடறேன்” என்றாள்.

அந்த அலறல் கேட்டதும் பக்கத்து மேசையில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஆள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வான்மதி தன் குரலைத் தானே கேட்டாள். அன்றைக்கு நிஜமாகக் கத்தினோமா, கத்த நினைத்தது மட்டும்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. கத்தியிருக்கிறாள். அந்தக் கத்தல் கழுத்து வரைக்கும் வந்து, அங்கே யாரோ போட்ட பூட்டில் முட்டி நின்றிருக்கிறது.

“பன்னண்டுல வெச்சுக் குடுங்க” என்றாள். “அந்த அனுமதியையும் எடுத்துருங்க.”

வீட்டில் அந்த அனுமதி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

அவளுடைய கணவன் தினகரன் மோட்டார் பம்ப் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாளெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர். கழுத்துத் துளையைச் சுத்தம் பண்ணுவதை நர்ஸிடம் கற்றுக்கொண்டு, முகம் சுளிக்காமல் செய்தவர். அவள் வீடு திரும்பியபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் படியேறிப் போய் எதிரே நின்றாள்.

“ஏனுங்க, என்ற குரல எப்பக் கொறச்சீங்க?”

கேள்வியின் கடைசியில் குரல் நன்றாக மேலே ஏறியது. அந்த ஏற்றத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஈரத் துண்டை மறுபடி பக்கெட்டிலேயே போட்டார்.

“சத்தத்தக் கொறைக்கல வான்மதி. ஏத்த எறக்கத்தத்தான்.”

“எதுக்கு?”

“பொங்கலன்னைக்கு நீ நம்ம நிலானிய ஒரு சத்தம் போட்டயே, பொங்கப் பானை அடுப்புக்குப் பக்கத்துல ஓடுனதுக்கு. அந்தச் சத்தம் மனுசச் சத்தமாவே இல்ல. கொழந்த கட்டிலுக்கடியில போய்ப் பூந்துக்கிச்சு. ஆஸ்பத்திரி கவுன்சிலிங் அம்மாகிட்டக் கேட்டேன். கொஞ்சம் கொறச்சு வெச்சுக்குங்க, வீட்டுக்கு நல்லதுன்னாங்க. கொறச்சேன். வீடு அமைதியாச்சு. அப்புறம் நமக்குள்ள சண்டை வந்தாக்கூடப் பெருசாகல. நீயும் அமைதியாயிட்டாப்பல இருந்துச்சு. அதுதான் இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம்னு…”

“நான் அமைதியாகலீங்க.”

அவர் கொடியில் கிடந்த சட்டையை இழுத்து நேராக்கினார்.

“எங்கப்பன் செத்தன்னைக்கு நான் அழுதேன். யாருக்குமே கேக்கல. ஏன் கேக்கலன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். பக்கத்துலதான நின்னீங்க?”

“அன்னைக்கே மாத்திரலாம்னு ஃபோன எடுத்தேன்” என்றார் அவர். “எடுத்துட்டு வெச்சுட்டேன். அத்தன ஜனத்துல திடீர்னு சத்தம் ஏறுனா எல்லாரும் கேப்பாங்கன்னு.”

அவள் கட்டைவிரலை ரிப்பனின் மேல் வைத்தாள். எட்டு மாத வார்த்தைகளும் ஒரேயடியாக முண்டியடித்தன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. பக்கெட்டை எடுத்து மீதித் துணிகளை அவளே உதறி உதறிப் போட்டாள். கொடிக்கயிறு ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் கீழே போகும்போது நின்று, “விசாரணையில மிஷின் கோளாறுன்னு சொல்லிரு” என்றார். “நெசமாலும் அது மிஷின் விசயந்தான. என்ற பேரு வந்தாப் போலீசு, கம்பெனின்னு இழுத்துட்டுப் போகும். நிலானிக்காக யோசி.”

விசாரணைக்கு முந்தைய நாட்களில் அவள் யோசித்தாள். மிஷின் கோளாறு என்றால் மெஹர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தன் கைக்கோளாறு என்றால் தனக்கு இனி மைதானம் இல்லை. கணவர் பெயரைச் சொன்னால் வீடு என்னவாகும் என்று தெரியவில்லை. காய் நறுக்கும்போது யோசித்தாள், நிலானிக்குத் தலை பின்னும்போது யோசித்தாள். பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். “அம்மா, வலிக்குது” என்றது குழந்தை.

தலைமையாசிரியை அறையில் விசாரணை நடந்தது. நிர்வாகத்திலிருந்து ஒருவர், லலிதாம்பிகை, ஸ்டெஃபியின் அப்பா. ஸ்டெஃபியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்தது. நடப்பாள், ஆனால் இனி ஓட்டப்பந்தயத்தில் ஓட முடியுமா என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை.

“மிஸ் உன்னக் கூப்பிட்டாங்களாம்மா?” என்று லலிதாம்பிகை கேட்டார்.

“கூப்பிட்டாங்க மேடம். நில்லுன்னு சொன்னாங்க. நல்லாக் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் நிக்கல?”

ஸ்டெஃபி வான்மதியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தது. வான்மதி தலையசைத்தாள்.

“மிஸ் இப்பெல்லாம் எல்லாத்தையும் அப்படித்தான் சொல்றாங்க மேடம். ஜெயிச்சாலும் ஒரே மாதிரி, தோத்தாலும் ஒரே மாதிரி. மொதல்ல எல்லாம் திட்டுவாங்க. போன வருசம் நான் ஸ்டார்ட்டிங்ல தப்புப் பண்ணினப்ப மைதானமே அதிர்ற மாதிரி கத்துனாங்க. சாயந்தரம் கூப்பிட்டு முறுக்குக் குடுத்தாங்க. இந்த வருசம் எங்க டீம் ஜெயிச்சப்ப, நல்லதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். மிஸ்ஸுக்கு நாங்க எப்படிப் போனாலும் பரவாயில்லன்னு ஆயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டோம். அதனால அவங்க சொன்னா அவசரப்படறதில்ல.”

வான்மதி எழுந்தாள். அதுவரை யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“நான் கத்தினேன் ஸ்டெஃபி” என்றாள். குரல் பாதியில் உடைந்து மேலே போய், நடுங்கி, கீழே இறங்கியது. கட்டைவிரல் நடுங்கியதால் குரலும் நடுங்கியது. ஸ்டெஃபியின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்க ஜெயிச்சன்னைக்கும் கத்தினேன். என்ற குரல என்ற வீட்டுக்காரர் கொறச்சு வெச்சிருந்தார். எனக்குத் தெரியாம. அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

மெஹர் கொடுத்த பதிவைப் போட்டுக் காட்டினாள். இரண்டு குரலையும் கேட்டார்கள். இரண்டாவது குரல் வந்தபோது ஸ்டெஃபியின் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அவளுடைய அப்பா கண்ணைத் துடைத்தார். பிறகு, “இந்தம்மா மேல எனக்குப் புகார் இல்லீங்க” என்றார்.

நிர்வாகத்துக்காரர் குறிப்பெழுதிக்கொண்டார். அடுத்த வாரம் முதல் வேலைக்கு வரலாம் என்று முடிவாயிற்று. எல்லாரும் எழுந்த பிறகு லலிதாம்பிகை அவளை மட்டும் நிறுத்தினார். நல்ல மனுஷி, ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை வந்தவர்.

“இப்ப அது எதுல இருக்கு வான்மதி?”

“பன்னண்டு மேடம்.”

“பன்னண்டு…” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. இப்பப் போட்டது எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சு. சின்னப் புள்ளைங்க. ஒரு அஞ்சு, ஆறுல வெச்சுக்கலாமே. ஆபத்துன்னாக் கேக்கவும் கேக்கும், ரொம்பவும் இருக்காது. அந்த அனுமதி ஒண்ணு ஆஃபீஸ்ல இருந்தா, உங்களுக்கும் பாதுகாப்பு.”

வான்மதி அவரையே பார்த்தாள். கோபம் வருமென்று நினைத்தாள். களைப்புத்தான் வந்தது.

“போன வருசம் என்ற தொண்டையில கத்தினப்ப, நீங்க இப்படிக் கேக்கலையே மேடம்” என்றாள்.

லலிதாம்பிகை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது தினகரன் சீக்கிரமே வந்திருந்தார். பள்ளியிலிருந்து யாரோ கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். “சொல்லிட்டயா?” என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “சொன்னது சரிதான். நான்தான் வந்து சொல்லியிருக்கணும்.” அவள் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். “ஏதாவது பேசு வான்மதி. திட்டு. கத்து. எவ்வளவு வேணும்னாலும் கத்து, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்.”

“சாப்பாடு ஆயிருச்சு. உக்காருங்க” என்றாள்.

தட்டையான குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. அவர் அவளுடைய கையைப் பார்த்தார். கட்டைவிரல் சேலை மடிப்புக்குள் இருந்தது. அசைந்ததா என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். முன்பு அவளுடைய பெயரும் அதன் பக்கத்தில் எண்ணும் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மெதுவாகக் கேட்டார்.

“மாத்திட்டதாச் சொன்னாங்களே. இன்னும் ரெண்டுலயேதான் இருக்குதா?”

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போது நிலானி அப்பளத்துக்காகக் குறுக்கே கை நீட்ட, தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்து பாயெல்லாம் ஓடியது.

“ஏய் நிலானி, பாத்து எடுக்கத் தெரியாதா உனக்கு?”

குரல் கீழேயிருந்து கிளம்பி உச்சிக்குப் போய் அதட்டி, ‘உனக்கு’ என்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு சிரிப்பில் இறங்கியது. நிலானி முதலில் திகைத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் தொடைக்கறேம்மா” என்று துணி எடுக்க ஓடினாள்.

தினகரன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்.

வான்மதி அவர் பக்கம் திரும்பினாள். கட்டைவிரல் இப்போது அவர் கண்ணெதிரே, ரிப்பனின் நடுவில், ஓரிடத்தில் அப்படியே இருந்தது.

“உங்களுக்கு ரசம் ஊத்தட்டுங்களா” என்றாள்.